சூடு ஆறுவதற்குள் பாருங்கள்

சாலைப் பணியை ஆய்வு செய்வது என்றால் மறுநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவதல்ல. தார்க்கலவை லாரியிலிருந்து இறங்கும் நேரத்தில் உதவிப் பொறியாளர் வெப்பமானியோடு அங்கே நிற்க வேண்டும். விஜி-30 வகைத் தார் என்றால் விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஆறிய கலவை ரோலர் ஓடினாலும் சரியாக இறுகாது; மழைக்கு ஜல்லி பெயர்ந்துவிடும். கலவை இறங்குவதற்கு முன்பும் பார்க்க வேண்டியது உண்டு: பழைய பரப்பைச் சுரண்டிவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. சுரண்டாமல் போட்டால் சாலை உயரும், வெள்ளம் வீட்டுக்குள் வரும். புதுச்சாலையின் தடிமனைப் பிறகு துளையிட்டுக்கூடப் பார்த்துவிடலாம். ஆனால் சுரண்டிய ஆழம் புதுச்சாலைக்கு அடியில் மறைந்துவிடும்; அதை அப்போதே அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதியாக வேண்டும். உங்கள் தெருவில் வேலை தொடங்கும்போது, எவ்வளவு ஆழம் சுரண்டினார்கள் என்று கேளுங்கள்.