முள் அசையாத வான்



போன மாதம் தையல் மெஷின் பெல்ற் பற்றி எழுதியிருந்தேன். வான் வைத்துப் பிழைக்கும் சகோதரிகள் சிலர், "எங்களுக்கும் ஏதாவது எழுதக்கூடாதா?" என்று கேட்டார்கள். இம்முறை என் வானின் கதை.

நல்லூரில் எனக்குள்ள ஒரே சொத்து, எல்லோரும் டொல்பின் என்று சொல்லும் பழைய ரொயோட்டா ஹையேஸ். கணவர் இல்லாத வீட்டில் மூன்று பிள்ளைகளின் சோறும் வாங்கிய கடனும் அந்த நான்கு சில்லில்தான் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தார்கள். திறந்தும் என்ன, புதியது எங்கள் கைக்கு எட்டாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

ஒரு நாள் காலை பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் புறப்பட்டு, ஒழுங்கைக்குள் வானைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினேன். வீதிக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். டீசல் முள் அடியில் கிடந்தது. சூடு காட்டும் முள்ளும் அப்படியே. வேக முள் மட்டும் ஆடியது. "ஓடுதுதானே" என்று மூன்று நாள் ஓட்டினேன். அது என் மடத்தனம். தண்ணீர் வற்றினாலும் ஒயில் குறைந்தாலும் வான் எங்களுக்குச் சொல்வது அந்தத் தட்டின் வழியாகத்தான். எஞ்சின் இறுகிய பிறகு அழுது பயனில்லை.

நான்காம் நாள் முத்திரைச் சந்தியடியில் நிறுத்திய வான் திரும்ப ஸ்ரார்ட் எடுக்கவில்லை. பற்றரி இறங்கிவிட்டது. சார்ஜ் லைற்றும் அதே பியூசில்தான் இருக்கிறதாம். பல பழைய வான்களில் அந்தச் சின்ன லைற் வழியாகப் போகும் கறண்ட்தான் அல்ரனேற்றரை எழுப்பிவிடுகிறது.

ஒரு கராஜில், முழுத் தட்டையும் மாற்றவேண்டும் என்று ஒரு மாத உழைப்பைக் கேட்டார்கள். தெரிந்த வயரிங் தம்பி ஒருவரைக் கூப்பிட்டேன். வந்ததும் சிரித்தார்.

"அக்கா, வேக முள் ஆடுதெல்லோ? அது கேபிளில ஓடுறது, கறண்ட் தேவையில்லை. மற்றதெல்லாம் ஒரே நேரத்தில நிண்டால் மீற்றர் பழுதில்லை. கறண்ட் வாற வழியிலதான் பிழை."

12 வோல்ற் சின்ன பல்ப் ஒன்றில் இரண்டு வயர் கட்டினார். ஒன்றை வானின் வெறும் இரும்பில் பிடித்து, திறப்பை ஓன் செய்து, மற்றதைப் பியூசின் இரண்டு முனையிலும் மாறி மாறித் தொட்டார். இரண்டிலும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது. எங்களுடையது ஒன்றில் மட்டும் எரிந்தது. புதிய 10 அம்பியர் சிவப்புப் பியூஸைப் போட்டதும் முள்ளெல்லாம் எழும்பின. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வானைப் பின்னுக்கு எடுத்தேன், திரும்பவும் செத்தது!

அதுதான் துப்பு. பல ரொயோட்டாக்களில் றிவேர்ஸ் லைற்றும் மீற்றரும் ஒரே பியூஸில் இருக்கின்றன. பின்கதவைத் திறந்து திறந்து மூட, மேலே பிணைச்சலடியில் வயர் மடிந்து உறை உரிந்து இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது. ஒரு முழ வயரும் கொஞ்ச ரேப்பும் போதுமாயிருந்தது.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓடியதையும், சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டதையும் கண்டவர்கள் நாங்கள். சமாளிக்கத் தெரியும். ஆனால் பியூஸில் மட்டும் அது வேண்டாம். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுவதும், 10 இருந்த இடத்தில் மஞ்சள் 20ஐச் செருகுவதும் பிள்ளைகள் இருக்கும் வானுக்குள் நெருப்பைக் கூப்பிடுவது. பியூஸ் எரிவது வயர் எரியாமல் இருக்கத்தான்.

பியூஸ் நல்லதாக இருந்தும் முள் அசையாவிட்டால், தட்டின் பின்னால் உள்ள ஏர்த் வயரையும் பிளக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இங்கத்தை உப்புக்காற்றில் அவை பச்சை பிடிக்கும். தட்டைக் கழற்ற முன் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றவேண்டும்.

இப்போது திறப்பைத் திருப்பியதும், ஸ்ரார்ட் எடுக்க முன், ஒயில், சார்ஜ் லைற்றுகள் எரிகின்றனவா என்று மகள்தான் பார்த்துச் சொல்கிறாள். ஒன்று குறைந்தால் வான் வெளிக்கிடாது.

அடுத்த மாதம் கிணற்று மோட்டரைப் பார்ப்போம்.