அது துப்பாக்கி இல்லையாம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. யாரும் மணி அடிக்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. அப்போது ஒன்பது வயதாக இருந்த என் மகள் அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்து, "அப்பா, ஒனக்கு ஏதோ வந்திருக்கு, செம வெயிட்டு" என்று மேஜைமேல் வைத்தாள். உள்ளே இருந்தது கோல்ட் நிறுவனத்தின் 1860 ஆர்மி ரிவால்வருக்கு இத்தாலியில் செய்த நகல். ஆறு அறைகள், எட்டு அங்குலக் குழல், கிட்டத்தட்ட ஒன்றேகால் கிலோ எடை.

கடன் அட்டை எண்ணைத் தட்டினேன், வந்துவிட்டது. படிவம் இல்லை, பின்னணி விசாரணை இல்லை. ஏனென்றால் 1968இன் கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டப்படி அது துப்பாக்கியே இல்லை. 1898 வரை செய்யப்பட்டவையும், இன்றைய தோட்டாவை ஏற்காத அவற்றின் நகல்களும் 'பழம்பொருள்' என்ற கணக்கில் சேரும். நான் இருக்கும் டெக்சஸின் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. அன்று எனக்கு அது பெரிய சலுகையாகத் தெரிந்தது. இன்று அது ஒரு பொய் என்று நினைக்கிறேன். அந்தப் பொய்யைச் சட்டம் மட்டும் சொல்லவில்லை. என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் அதைவிட இனிமையாகச் சொல்கிறோம்.

நாங்கள் சொல்வது இதுதான்: "கருமருந்து ரிவால்வர் சுடுவது ஒரு தியானம்." நானே பல விருந்துகளில் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. மருந்து கெட்டிக்கும் வேலை அப்படிப்பட்டது.

குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால் சிலிண்டர் கையால் சுழலும். முதலில் வெறும் அறைகளில் கேப் மட்டும் வைத்து வெடித்து, உள்ளே தேங்கிய எண்ணெயை எரித்துவிட வேண்டும். பிறகு பித்தளை அளவையில் மருந்தை அளந்து ஒவ்வொரு அறையிலும் கொட்ட வேண்டும். குடுவையிலிருந்து நேராகக் கொட்டக் கூடாது. அறைக்குள் ஒரு கங்கு மிச்சமிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். மருந்தின்மேல் ஈயக்குண்டு. அறையின் வாயைவிடக் குண்டு ஒரு மயிரிழை பெரியதாக இருக்கும். குழலுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்து அழுத்தினால் குண்டு உள்ளே இறங்கும்போது விளிம்பிலிருந்து மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு வரும். அந்த வளையம் வந்தால்தான் அறை அடைபட்டது என்று அர்த்தம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் காற்று இருக்கக் கூடாது. குண்டின்மேல் கொழுப்பைப் பூச வேண்டும். கடைசியில்தான் பின்பக்க நிப்பிள்களில் செம்புக் கேப்புகள். ஆறில் ஐந்தை மட்டும் நிரப்பி, குதிரையைக் காலி அறைமேல் இறக்கி வைப்பது பழக்கம்.

பழகின கைக்கே இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். சுட்டால் வெண்புகை எதிரே சுவர்போல நிற்கும், கந்தக வாடை தீபாவளி விடிகாலையை ஞாபகப்படுத்தும். வெடித்த கேப்பின் துணுக்கு உள்ளே விழுந்து பொறியை மடக்கிவிடும். நாலைந்து சுற்று போனால் கரி படிந்து சிலிண்டர் சுழல மறுக்கும். அன்று இரவே சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவாவிட்டால் காலையில் துரு. இவ்வளவு பாடுபட்ட பிறகு மனசு அடங்கித்தான் போகிறது. ஆனால் மனசு அடங்குவது ஒன்று, கையில் இருக்கும் பொருள் என்ன என்பது வேறொன்று.

சினிமா இந்த வேலை முழுவதையும் மறைத்துவிட்டது. செர்ஜியோ லியோனேயின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' உள்நாட்டுப் போர்க்காலக் கதை. ஆனால் அதில் ரிவால்வர்கள் உலோகத் தோட்டாவைத் தின்கின்றன. பின்பக்கம் வரை துளைபோன சிலிண்டருக்கான காப்புரிமை அந்தக் காலத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கையில் இருந்தது. அது 1869இல் காலாவதியான பிறகு, 1873இல்தான் கோல்டின் புகழ்பெற்ற தோட்டா ரிவால்வர் வந்தது. இதைச் சுட்டிக்காட்டி நாங்கள் பெருமை அடித்துக்கொள்வோம். "சினிமாக்காரனுக்கு என்ன தெரியும், உண்மையான ரிவால்வர் மெதுவானது" என்போம்.

சினிமா வேலையை மறைத்தது. நாங்கள் வேலையைக் காட்டி, அது எதற்கான வேலை என்பதை மறைக்கிறோம். இரண்டில் எது பெரிய மோசடி என்று கேட்டால் எங்களுடையதுதான் என்பேன்.

மெதுவானது என்கிறோமே, யாருக்கு மெது? 1844 ஜூன் 8 அன்று, என் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய வாக்கர்ஸ் கிரீக் என்ற ஓடைக்கரையில், ஜாக் ஹேஸ் தலைமையில் பதினைந்து பேர் அளவிலான டெக்சஸ் ரேஞ்சர்கள் தங்களைவிடப் பல மடங்கு அதிகமான கோமாஞ்சிகளைச் சந்தித்தார்கள். அதுவரை கோமாஞ்சிகளின் கணக்கு எளிமையானது. வெள்ளைக்காரன் ஒரு வெடி வெடிப்பான். அவன் குதிரையை விட்டிறங்கி மறுபடி கெட்டிப்பதற்குள் வில்லாளி பல அம்புகளை எய்துவிடுவான். அன்று ரேஞ்சர்கள் கையில் கோல்டின் பேட்டர்சன் ரிவால்வர்கள் இருந்தன. ஐந்து அறைகள். குதிரைமேல் இருந்தபடியே சுட்டார்கள், துரத்திக்கொண்டே சுட்டார்கள். முதல் வெடிக்குப் பின் வர வேண்டிய மௌனம் வரவில்லை. ரேஞ்சர்கள் தரப்பில் ஒருவர் செத்தார்.

அந்த மௌனத்தை நம்பித்தான் ஒரு சமூகம் தன் போர்முறையை வைத்திருந்தது. கோமாஞ்சிகளின் வீழ்ச்சிக்குக் காலராவும் அம்மையும் எருமைகளை அழித்ததும் காரணம், ரிவால்வர் மட்டுமல்ல. 1875இல் குவானா பார்க்கர் சில் கோட்டையில் சரணடைந்ததற்கு ஒரே காரணம் சொல்கிறவன் வரலாறு தெரியாதவன். ஆனால் அந்த ஓடைக்கரையில் நின்ற கோமாஞ்சியிடம் போய், "இது மெதுவான கருவி, தியானம்" என்று சொல்லிப் பார்க்க முடியுமா?

இதை நான் நூலகத்தில் போய்க் கண்டுபிடிக்கவில்லை. கையிலேயே செதுக்கியிருக்கிறது. அந்தச் சண்டையில் ஈட்டிக்காயம் பட்ட சாமுவேல் வாக்கர் பிறகு கோல்டுக்குப் புகழ்ந்து கடிதம் எழுதினார். அதன் விளைவாக 1847இல் வந்த பெரிய ரிவால்வருக்கு அவர் பெயரே வைத்தார்கள். அதன் சிலிண்டரைச் சுற்றி ரேஞ்சர்கள் கோமாஞ்சிகளைத் துரத்தும் காட்சி பதித்திருக்கும், ஆர்ம்ஸ்பி என்ற செதுக்கோவியர் செய்தது. என்னுடைய 1860 நகலின் சிலிண்டரிலும் படம் உண்டு: 1843 மே 16இல் காம்பெச்சே அருகே டெக்சஸ் கப்பற்படை மெக்சிகோவோடு மோதிய காட்சி, தேதியோடு. மருந்து கெட்டிக்க நான் சிலிண்டரைச் சுழற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தப் போர் என் கட்டைவிரலுக்குக் கீழே சுற்றுகிறது. இரண்டு வருடம் அதை நான் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். செய்தவன் எதற்காகச் செய்தேன் என்று பொருளின்மேலேயே எழுதி வைத்திருக்கிறான். நாம்தான் படிக்க மாட்டோம் என்கிறோம்.

மருந்துக்கும் ஊர் உண்டு. கருமருந்தில் பெரும்பங்கு வெடியுப்பு. 1861இல் வடக்கு மாநிலங்களின் போருக்கு வெடியுப்பு வாங்க லாமோ டூபான்ட் இங்கிலாந்துக்குத்தான் போனார். ஏனென்றால் அன்றைய உலகின் நல்ல வெடியுப்பு பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்து, பெரும்பாலும் பீகாரில் இருந்து வந்தது. மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி அதை எடுத்தவர்கள் நோனியா சாதியினர். லிங்கனை விடுதலை வீரனாகக் கொண்டாடும் நம்மவர்கள் யாரும் அந்த மண்சுரண்டிகளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

நண்பர்கள் சொல்லும் பதில்களும் தெரியும். "இதெல்லாம் துப்பாக்கியா பாஸ்? இதை வச்சு எவன் கொள்ளையடிப்பான்?" பெரும்பாலும் அடிக்க மாட்டான், ஒப்புக்கொள்கிறேன். அதே லிங்கனை 1865 ஏப்ரல் 14 இரவு பூத் சுட்டது ஒற்றைக்குண்டு டெரிஞ்சரால். கேப் வைத்து வெடிக்கும் சின்னக் கைத்துப்பாக்கி. இரண்டாவது குண்டு அதில் கிடையாது, தேவையும் படவில்லை. அதே மாதிரி ஒன்றின் நகல் நாளைக்கு என் வாசலில் மணி அடிக்காமல் வந்து கிடக்கலாம், சட்டம் அதையும் துப்பாக்கி என்று சொல்லாது. குண்டு பட்டவனுக்கு அது பழைய மாடலா புதிய மாடலா என்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

போன வருடம் நான் அவசரப்பட்டேன். ஒரு அறையில் ஈய வளையம் சரியாகச் சீவவில்லை, பார்த்தும் விட்டுவிட்டேன். கொழுப்பும் பூசவில்லை. சுட்டபோது சத்தம் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. பக்கத்து அறையும் சேர்ந்து வெடித்திருந்தது. அதன் குண்டு குழல் வழியாகப் போகாமல் குழலின் ஓரமாகப் பறந்து போயிற்று. இடது கையை முன்னால் கொடுத்துப் பிடித்திருந்தால் விரல்கள் போயிருக்கும். மைதானத்தில் இருந்த பெரியவர் ஒருவர் வந்து சிலிண்டரைப் பார்த்துவிட்டு, பேசாமல் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்கு முந்தின வாரம்தான் மகள், "நானும் வரட்டுமா?" என்று கேட்டிருந்தாள். "வா, அது பொம்மை மாதிரிதான், உன் தீபாவளிக் கேப் துப்பாக்கிக்குத் தாத்தா" என்று சொல்லியிருந்தேன். அந்த வார்த்தையை நினைத்து அன்று ராத்திரி தூங்கவில்லை.

தடை செய் என்று நான் கேட்கவில்லை. நானே இன்னும் சுடுகிறேன், நாளையும் சுடுவேன். கேட்பது சின்ன விஷயம். ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல் வாங்கக் கடையில் நிரப்பும் அதே படிவத்தை இதற்கும் நிரப்பச் சொல்லுங்கள். அதே விசாரணை, அதே பூட்டு. பத்து நிமிடம் பொறுமையாகக் கெட்டிக்கத் தெரிந்தவனுக்குப் படிவம் நிரப்பவும் பொறுமை இருக்கும். இல்லையென்றால் அவன் தியானம் பேச வேண்டாம்.

எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கருமருந்தின் வாசனையை எழுதுங்கள், பித்தளை அளவையை எழுதுங்கள், தப்பில்லை. சிலிண்டரில் என்ன படம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

இப்போது அது அலமாரியில் பூட்டியிருக்கிறது, மருந்து தனியே வேறு இடத்தில். சட்டம் கேட்கவில்லை, நானாகச் செய்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயது. போன மாதம் கழுவித் துடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சிலிண்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இதுல கப்பல் எல்லாம் இருக்கு. யாரு யாரைச் சுடுறாங்க?" என்றாள்.

துணியைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.