திரைவழிப் பல்மருத்துவம்

புற்றுநோய்ச் சிகிச்சை என்றதும் முடி உதிர்வதும் உடல் மெலிவதுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. வாய் படும் பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேதிச் சிகிச்சை தொடங்கிய ஓரிரு வாரங்களில் வாயின் உட்புறம் புண்ணாகலாம். கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோருக்கு உமிழ்நீர்ச் சுரப்பிகளும் பாதிக்கப்படுகின்றன. உமிழ்நீர் குறைந்தால் பற்கள் விரைவில் சொத்தையாகும். தண்ணீர் விழுங்கவே வலிக்கும்போது நோயாளி உண்பதைக் குறைத்துக்கொள்கிறார். புண் முற்றினால் சிகிச்சையையே இடையில் நிறுத்திவைக்க நேரிடலாம்.

சரவாக் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். மூக்குத்தொண்டைப் புற்றுநோய் அங்கு அதிகம் காணப்படுகிறது. அதற்கான கதிர்வீச்சுச் சிகிச்சை பொதுவாக வாரத்திற்கு 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரம் நீடிக்கும். கூச்சிங்கில் சிகிச்சையை முடித்துக்கொண்டு உட்பகுதிக் கிராமத்திற்குத் திரும்பும் ஒருவருக்கு வாய் வறட்சி பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் தொடரும். பல்லில் தெரியும் ஒரு கரும்புள்ளியைக் காட்டுவதற்காக மட்டும் அவர் மீண்டும் படகும் பேருந்தும் ஏற வேண்டுமா?

வேண்டியதில்லை. திறன்பேசியில் எடுத்த படத்தைக் கொண்டோ காணொளி அழைப்பின்வழியோ, புண் ஆறுகிறதா, நாக்கில் வெண்படலம் படிந்துள்ளதா என்று பல்மருத்துவர் பார்க்கலாம். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவையும் அதில் பாதியளவு உப்பையும் கலந்து கொப்பளிக்கச் சொல்லலாம். வேதிச் சிகிச்சையால் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர், கூட்டம் நிறைந்த காத்திருப்புக் கூடத்தைத் தவிர்ப்பதும் நல்லதுதானே!

"திரையில் பார்த்துப் பல்வைத்தியமா?" என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். திறன்பேசியால் ஊடுகதிர்ப் படம் எடுக்க முடியாது. பல்லைப் பிடுங்கவும் முடியாது. கதிர்வீச்சுக்குப் பின் பல்லைப் பிடுங்கினால், தாடை எலும்பு ஆறாமல் அழியும் ஆபத்தும் உண்டு. ஆகவே, சிகிச்சைக்கு முன்பே பற்களை நேரில் சோதித்து, காப்பாற்ற முடியாதவற்றை அகற்றிவிட வேண்டும். சிகிச்சைக் காலத்தில் உடல் வெப்பம் 38 பாகையைத் தொட்டால், படம் அனுப்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

மற்ற நாள்களுக்குத் திரைவழிச் சந்திப்பே போதும். ஆனால், நோயாளி கேட்டால் மட்டும் அதை வழங்குவது பயன் தராது. புண்பட்ட வாயுடன் சோர்ந்திருப்பவர் எதையும் கேட்கமாட்டார். அடுத்த சிகிச்சை நாள் குறிக்கப்படும் அட்டையிலேயே பல்மருத்துவரின் காணொளிச் சந்திப்பு நாளும் குறிக்கப்பட வேண்டும். இணையச் சேவை சீராக இல்லாத ஊர்களில், அருகிலுள்ள கிளினிக்கின் தாதியே படமெடுத்து அனுப்பலாம்.