கடைசி வாரங்கள் இல்லாத ஆட்டம்

2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 20ஆம் திகதி. திங்கட்கிழமை, தீபாவளி விடுமுறை. மன்னார்த் தீவின் தோட்டவெளியில் அக்காவின் வீட்டு விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். நள்ளிரவை நெருங்கும் வேளையிலும் முற்றத்து வேம்பின் கீழ் ஐந்தாறு இளைஞர்கள் ஒரு கைப்பேசியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். திடீரென்று எழுந்த கூச்சலில் அயல்வீட்டு நாய்கள் குரைத்தன. திருடன் யாராவது அகப்பட்டானோ என்று எழுந்து போனேன். "மாமா, மீன்பிடி ஊர்க்காரர் வென்றிட்டாங்கள்!" என்றான் அக்காவின் மகன்.

எந்த ஊர்? சுவீடன் நாட்டின் தென்கரையில், போல்டிக் கடலோரமாக ஹெல்லவிக் என்றொரு மீனவச் சிற்றூர். ஆயிரம் பேரும் வாழாத ஊர். அங்கேதான் மியெல்பி உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம், கடலுக்கு அருகே, இருக்கிறது. 1939இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம் அன்றிரவு கோத்தென்பேர்க் நகரில் 2-0 என்று வென்று, பருவம் முடிய இன்னும் மூன்று சுற்றுகள் இருக்கும்போதே சுவீடனின் முதற்பிரிவு லீக் பட்டத்தைத் தனதாக்கியது. 86 ஆண்டுகளில் அதற்குக் கிடைத்த முதற் பட்டம் அது. மால்மோவும் ஸ்டொக்ஹோம் நகரத்துப் பெருங்கழகங்களும் பின்னே நின்றன.

சுவீடனில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் செப்ரெம்பரில் இந்தக் கதையைத் தொலைபேசியில் சொல்லிவைக்க, அன்றிலிருந்து தோட்டவெளியின் இந்த முற்றத்தில் சுவீடன் லீக்கின் புள்ளிப் பட்டியல் மனப்பாடம். முதலிடத்தில் யார் என்பது மட்டுமல்ல, 14ஆம் இடத்தில் தத்தளிப்பது யார், கீழிறங்கப்போவது யார் என்பதும் இந்தப் பையன்களுக்குத் தெரியும். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "மாமா, எங்கட லீக் எப்ப முடியும்?" என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகள் செய்தித்தாள் மேசையில் கழித்தவன் நான். எந்தக் கேள்விக்கும் ஏதாவதொரு பதில் சொல்லிவிடும் பழக்கம் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. அன்று பதில் வரவில்லை. தொடங்காத ஒன்று எப்படி முடியும்? இந்தக் கட்டுரை அந்தப் பையனுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில். அது சிலருக்குக் கசக்கும், கசக்கட்டும்.

மன்னாரில் உதைபந்தாட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. தலைமன்னாரிலிருந்து பேசாலை, தோட்டவெளி, எருக்கலம்பிட்டி, பள்ளிமுனை வரை, பாலத்தைக் கடந்தால் வங்காலை, நானாட்டான் வரை, பந்து உருளாத ஊர் இல்லை. இல்லாதது பருவம். நம்மிடம் இருப்பவை சுற்றுப்போட்டிகள். கோயில் திருவிழாவையொட்டி ஒன்று, காலமானவரின் நினைவாக ஒன்று, கழகத்தின் ஆண்டு நிறைவுக்கு ஒன்று. அணிக்கு பதினொருவர், அணிக்கு எழுவர், மின்னொளியில் அணிக்கு ஐவர் என்று விதம் விதமாக. பெரும்பாலும் எல்லாமே விலகல் முறை. தோற்றவன் வீட்டுக்கு.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 அணிகள் பங்குபற்றும் விலகல் முறைப் போட்டியில் மொத்தம் 31 ஆட்டங்கள். 16 அணிகள் ஒரேயொரு ஆட்டத்தோடு வெளியேறுகின்றன. இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடும் வாய்ப்பு எட்டு அணிகளுக்கே. சுவீடனின் முதற்பிரிவில் 16 கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 30 ஆட்டங்கள், மொத்தம் 240. நமது முறையில் ஓர் ஊரின் பதினாறு வயதுப் பையன் மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்து, ஒரு பகற்பொழுதில், ஒரு பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியதால் வீடு திரும்புகிறான். அவனுடைய பிழை என்ன, அதை அடுத்த வாரம் எப்படித் திருத்துவது என்று கேட்பதற்கு அடுத்த வாரம் என்ற ஒன்றே இல்லை. பயிற்றுநருக்கும் வேலையில்லை.

லீக்கின் கடைசி வாரங்கள் என்பவை வேறோர் உலகம். அந்த வாரங்களில் நடுவில் நிற்கும் அணிக்கும் வேலையிருக்கிறது, அடியில் கிடக்கும் அணிக்கும் வேலையிருக்கிறது. அதே 2025 பருவத்தில், 13 முறை சுவீடன் பட்டம் வென்ற நோர்ஷோப்பிங் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. பெயரைப் பார்த்து எவரும் இரங்கவில்லை. ஏப்ரலில் சோம்பலாக விட்டுக்கொடுத்த இரண்டு புள்ளிகள் நவம்பரில் வட்டியோடு வந்து கேட்கும். சின்ன ஊர் பெரிய நகரத்தை ஒரு நாள் வெல்வது அதிர்ஷ்டமாக இருக்கலாம்; 30 வாரங்களில் ஒரேயொரு தோல்வியோடு 75 புள்ளிகள் எடுத்து வெல்வதை எந்த நகரத்தானும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. எளியவனுக்கு நீண்ட பருவமே நீதிமன்றம். அதனால்தான் அந்தப் பையன்கள் தூங்காமல் இருந்தார்கள். அவர்கள் பார்த்தது சுவீடனை அல்ல. தங்களுக்குக் கிடைக்காத ஒரு விசாரணையை.

கொழும்பில் இருப்பவர்களின் சங்கதிக்கு வருவோம். 2021இல் இலங்கையின் முதலாவது தொழில்முறை லீக் என்ற ஆரவாரத்தோடு சூப்பர் லீக் தொடங்கப்பட்டது. பத்துக் கழகங்கள். அவற்றுள் மூன்று முப்படைகளின் அணிகள். மற்றைய ஏழும் கொழும்பிலும் மேற்குக் கரையோரத்திலும் மலையகத்தின் ஒரு நகரிலும் இருந்து வந்தவை. வடக்கிலிருந்து ஒன்றுமில்லை, கிழக்கிலிருந்தும் ஒன்றுமில்லை. புளூ ஸ்டார் கழகம் பட்டம் வென்றது, வாழ்த்துகள். ஆனால் தேசத்தின் லீக் என்று பெயர் வைத்துவிட்டு, தேசத்தின் இரண்டு மாகாணங்களை வேலிக்கு வெளியே நிறுத்தியதைக் கண்டித்து நமது அரசியல்வாதிகளில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? நமது பத்திரிகைகளில் எத்தனை ஆசிரியத் தலையங்கங்கள் வந்தன? என் சொந்தத் தொழிலைத்தான் கேட்கிறேன். கிரிக்கெட்டுக்கு முழுப்பக்கம், மன்னார் உதைபந்தாட்டத்துக்குக் கிண்ணம் வழங்கும் பிரதம விருந்தினரின் படம். ஆட்டத்தில் கோல் அடித்தவன் பெயர் அந்தப் படத்தின் கீழ் இருக்காது. அந்தப் படங்களுக்குக் குறிப்பு எழுதியவர்களில் நானும் ஒருவன்.

பிறகு வந்தது 2023. சம்மேளனத் தேர்தல் இழுபறியில் மூன்றாம் தரப்புத் தலையீடு என்று கூறி பீபா ஜனவரி 21ஆம் திகதி இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. நாற்காலிச் சண்டைக்கு ஏழு மாதங்கள்! இருபது வயதில் ஓடுபவனுக்கு ஏழு மாதம் என்பது எவ்வளவு பெரிய காலம் என்று அந்த நாற்காலிக்காரருக்குத் தெரியாது. இப்போது தேசிய அணி ஓரளவு நிமிர்ந்திருக்கிறது; 2025 ஜூனில் கொழும்பில் சீன தாய்பேயை 3-1 என்று வென்றது. மகிழ்ச்சிதான். அந்த நிமிர்வுக்குத் தோள்கொடுத்தவர்களில் பலர் வெளிநாடுகளில் பிறந்து, அங்குள்ள லீக்குகளில் வளர்ந்த பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்லவில்லை. உள்ளூரில் வளர்க்கும் இயந்திரம் நின்றுபோனதால் வெளியிலிருந்து இறக்குமதி செய்கிறோம் என்பதை மட்டும் வெற்றிக் கொண்டாட்டத்தில் மறந்துவிடக் கூடாது.

இங்கே வளர்ந்தவர்கள் எங்கே போகிறார்கள்? மன்னாரின் மகனான டக்சன் பியூஸ்லஸ் தேசிய அணியின் பின்வரிசையைத் தாங்கியவர். ஊதியத்தோடு ஆடுவதற்காக மாலைதீவுக்குப் போனார். 2022 பெப்ரவரியில் அங்கேயே உயிரிழந்தார். அந்த மரணத்தின் சோகத்தை எவர்மீதும் பழியாக ஏற்ற நான் வரவில்லை. இறுதிக் கிரியைக்குத் திரண்ட ஊர், அவர் ஏன் கடல் கடந்து போய் ஆடவேண்டியிருந்தது என்ற கேள்வியை அவரோடு சேர்த்தே அடக்கம் செய்துவிட்டது என்பதுதான் என் குறை.

அடுத்து உங்களிடம் வருகிறேன், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் இருந்து இதை வாசிக்கும் நண்பர்களே. கோபிக்க வேண்டாம். நீங்கள் அனுப்பும் பணம் எங்கே போகிறது? ஆளுயரக் கிண்ணத்துக்கு. ஒலிபெருக்கிக்கு. இலட்சக்கணக்கில் முதற்பரிசுக்கு, அந்தப் பரிசைக் குறிவைத்து ஒரு நாள் கூலிக்கு வெளியூர் ஆட்டக்காரனை இறக்கும் அணிக்கு. உங்கள் தந்தையார் பெயரில் ஒரு நினைவுக்கிண்ணம் நடத்துவது அன்பின் செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் கிண்ணம் ஒருவன் வீட்டு அலுமாரிக்குப் போகிறது. அதே பணத்தில் ஒரு பருவம் முழுவதற்கும் நடுவர்களுக்குக் கொடுப்பனவு, வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்துக் கட்டணம், காயம்பட்டவனுக்கு வைத்தியச் செலவு எல்லாவற்றையும் பார்க்கலாம். அதற்குப் படம் எடுத்து முகநூலில் போட முடியாது என்பதுதான் சிக்கல். 2018இல் புலம்பெயர் முதலீட்டோடு வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் நடந்தபோது மன்னாரின் பெயரிலும் அணி இறங்கியது. அன்று மைதானத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தவர்கள், ஆர்வம் இல்லை என்ற சாட்டைச் சொல்ல மாட்டார்கள்.

"சுவீடன் பணக்கார நாடு, நாமோ போரில் எரிந்தவர்கள்" என்று ஒரு நண்பர் வாதிட்டார். பாதி உண்மை. சுவீடன் லீக் 1924இல் தொடங்கி இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் நிற்காமல் நடந்தது. அந்த நாடு போரில் இறங்கவில்லை. இங்கே 1990இல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். மடுக் கோயில் வளவில் மரத்தடியில் தூங்கியவன் நான். அந்த ஆண்டு ஒக்ரோபரில் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி வெறிச்சோடியது. எங்களோடு மோதி, வாய்ச்சண்டை போட்டு, ஆட்டம் முடிந்ததும் தேநீர் வாங்கித் தந்த அணி ஒரே இரவில் இல்லாமற் போனது. எதிரணி இல்லாமல் ஆட்டம் இல்லை என்பதை நான் அறிந்தது அப்படித்தான்.

ஆனால் போர் முடிந்தது 2009இல். 2015இல் தலைமன்னாருக்கு ரயிலே திரும்பி ஓடத் தொடங்கிவிட்டது. புள்ளிப் பட்டியல் மட்டும் திரும்பவில்லை. மியெல்பியின் கதையிலும் செல்வம் இல்லை. 2014இல் முதற்பிரிவிலிருந்தும் அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவிலிருந்தும் அது விழுந்தது. 2016இல் நான்காம் பிரிவின் வாசல்வரை போய்த் தப்பியது. கடன், ஆளில்லாமை எல்லாம் இருந்தன. 2018இலும் 2019இலும் அடுத்தடுத்து ஏறி வந்தது. பயிற்றுநர் ஆண்டர்ஸ் தோர்ஸ்தென்சன் முன்னர் ஒரு பாடசாலை அதிபர். விழுந்தவனுக்கு அடுத்த ஆண்டு எந்த வாரம் எங்கே ஆட்டம் என்று தெரிந்திருந்தது. ஏறுவதற்கு அது போதுமாயிருந்தது. இன்னொன்று: சுவீடனில் கழகத்தின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர் கையில் இருக்கவேண்டும் என்பது விதி. காசு போட்டவன் கழகத்தைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போக முடியாது. 2014 ஜூனில் நாடற்றோருக்கான உலகக்கிண்ணம் நடந்த, தமிழீழம் என்ற பெயரோடு நம் பிள்ளைகள் களமிறங்கிய ஒஸ்டர்சுண்ட் நகரத்துக் கழகத்தையும் பாருங்கள். மின்னல் வேகத்தில் ஏறி, 2018 பெப்ரவரியில் ஆர்சனலை அதன் மைதானத்திலேயே 2-1 என்று வென்றது. நிதி நெருக்கடியில் சிக்கி 2021இல் முதற்பிரிவிலிருந்து இறங்கியது. சுவீடனும் சொர்க்கமல்ல.

என்னிடம் பெரிய திட்டம் ஒன்றுமில்லை. எட்டு ஊர்கள் போதும். சொந்த மண்ணில் ஒன்று, எதிரியின் மண்ணில் ஒன்று என்று 14 வாரங்கள், 56 ஆட்டங்கள். கடலுக்குப் போகிறவர்கள் ஆடமுடியாது என்பார்கள். கடலுக்குப் போகிறவனுக்குப் பருவம் கற்பிக்க வேண்டுமா? சோளகம் எப்போது, வாடை எப்போது, தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வராத 61 நாட்கள் எப்போது என்று விரல்விட்டு எண்ணுகிற சமூகம் இது. சுவீடனில் பனி விழுவதற்கு முன் லீக்கை முடிக்கிறார்கள். நாம் மாரிக்கு முன் முடிக்கலாம். மடுத் திருவிழாவுக்கு ஒரு வாரம் ஓய்வு விடலாம். தேவை, மாசி மாதத்தில் அச்சிட்டு ஒவ்வொரு தேநீர்க்கடையிலும் ஒட்டப்படும் ஒரு தாள். யார் பிரதம விருந்தினராக வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தாளில் உள்ள திகதி மாறக்கூடாது.

நவம்பர் 9ஆம் திகதி சுவீடனில் கடைசிச் சுற்று முடிந்தது. அன்றிரவு மருமகன் இறுதிப் புள்ளிப் பட்டியலைப் படமாக எனக்கு அனுப்பியிருந்தான். அதன் கீழே இரண்டு வரி: கட்டாருக்கு விசா வந்துவிட்டது, 18ஆம் திகதி பயணம். அடுத்த வாரம் அக்கா அழைத்தாள். மழை விட்டிருந்த நேரத்தில் அவனுடைய பூட்ஸைக் கழுவிச் சுவரில் காய வைத்திருக்கிறாளாம். பத்தாம் இலக்கம், இன்னும் தேயவில்லை, யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டாள்.