குதிரைக்கு ஒரு மேடு

2006 அக்டோபர் 31 இரவு நெதர்லாந்தின் வடபகுதியில் அடித்த புயல் கடலைக் கரைமீறச் செய்தபோது, ஃபிரீஸ்லாந்து மாகாணத்து மார்ரம் கிராமத்தருகே, கடலணைக்கு வெளியே மேய்ச்சலுக்கு விடப்பட்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள், நாற்புறமும் நீர் சூழ்ந்த சிறு திட்டொன்றில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஏறக்குறைய இருபது மாண்டுபோயின. படகுகளைக் கொண்டு செய்த பிரயத்தனங்களால் சிலவற்றையே மீட்க முடிந்தது. பிறகு நவம்பர் 3ஆம் தேதி பெண்கள் சிலர் தத்தம் குதிரைகளில் ஏறி, ஆழம் குறைந்த வழியாகத் திட்டை அடைந்து, வந்த வழியே திரும்பினார்கள். தம் இனத்தைச் சேர்ந்தவை தைரியமாக முன்னே செல்வதைக் கண்ட மாத்திரத்தில், அதுவரை நீரில் இறங்க அஞ்சி நின்ற மந்தையும் அவற்றின் பின்னே நீரைக் கடந்து கரையேறிற்று.

அந்தக் காட்சியைக் கண்டு மெய்சிலிர்க்காதார் இரார். ஆயினும், புயற்காலம் தொடங்கிவிட்ட அக்டோபர் கடைசியில், கடல் பொங்கினால் முதலில் மூழ்கக்கூடிய நிலத்தில் அவை ஏன் நின்றன என்ற கேள்வியை அந்த மகிழ்ச்சியில் நாம் மறந்துவிடலாகாது. வெள்ளத்தில் செய்யும் சாகசம் எவ்வளவு போற்றத்தக்கதாயினும், பெரும்பாலும் அது வெயிற்காலத்தில் செய்யாமல் விட்ட காரியத்திற்கு நாம் செலுத்தும் அபராதமே என்பது என் அபிப்பிராயம். 2024 மே மாதம் பிரேசிலின் கனோவாஸ் நகரில் வீட்டுக் கூரைமேல் நாட்கணக்கில் நின்று, உலகமெங்கும் தொலைக்காட்சியில் காணப்பட்ட ‘காரமெலோ’ என்ற குதிரையை, மயக்க மருந்து கொடுத்துப் படகில் படுக்கவைத்து மீட்டார்கள். ஹெலிகாப்டரின் கண்ணில் பட்டதால் அது பிழைத்தது; கண்ணில் படாத ஜீவன்களுக்கு அந்தப் பாக்கியம் ஏது?

குதிரை நீந்தத் தெரிந்த பிராணிதான். ஆனால் குளிர்ந்த நீரிலும் வேகமான பிரவாகத்திலும் அதன் பலம் விரைவில் தீர்ந்துவிடுகிறது. நீருக்கடியில் மறைந்த முட்கம்பி வேலியில் கால் சிக்கினால் எவ்வளவு பலமிருந்தும் பயனில்லை. ஆபத்தைக் கண்டால் ஓடுவதே அதன் சுபாவமாயிருக்க, லாயத்தைப் பூட்டிவிட்டு மனிதர் மட்டும் வெளியேறுவது அதற்கு மரணதண்டனை விதிப்பதற்கு ஒப்பாகும். வேறு வழியே இல்லாதபோது கதவுகளைத் திறந்துவிட்டு, உரிமையாளரின் தொலைபேசி எண்ணை அதன் உடலில் பெரிய எழுத்தில் வர்ணத்தால் எழுதி, பிடரி மயிரில் ஒரு வில்லையும் பின்னிவிட்டால், பிழைத்த குதிரை வீடு திரும்பவாவது வழியுண்டு.

இது கடைசி உபாயம். முதல் உபாயம் முன்கூட்டியே புறப்படுவது. ஆறு கரைபுரளும் முன்பே தாழ்ந்த பாலங்களும் சாலைகளும் மூழ்கிவிடுமாதலால், கண்ணெதிரே நீர் தெரிந்தபின் வண்டியைத் தேடுவது வீண்வேலை. நல்ல நாளில் வண்டியில் ஏறிப் பழகாத குதிரை, இடியும் மின்னலுமான இரவில் ஏறுமென்று எதிர்பார்ப்பது விவேகமாகாது. வெளியேற இயலாத பண்ணையில், பழைய வெள்ளத்தின் அளவைவிட உயர்ந்த மேடொன்று இருந்தே தீர வேண்டும். ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் பத்துக் கிலோ உலர்தீவனமும் 25 முதல் 50 லிட்டர் வரை நல்ல நீரும் தேவை. சுற்றிலும் வெள்ளமிருந்தும் அது குடிக்கத் தகுந்த நீரன்று. ஆகவே தீவனமும் நீரும் அந்த மேட்டிலேயே காத்திருக்க வேண்டும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்றபடி, நீர் வடிந்த பின்னும் கஷ்டம் தீர்வதில்லை: ஊறிய குளம்பில் சீழ் வைக்கும், கணுக்காலில் தோல் வெடிக்கும், நனைந்து பூசணம் பிடித்த புல்லைத் தின்றால் வயிற்றுச் சூலை வரும்.

மனிதரே தத்தளிக்கும்போது குதிரைக்கு இத்தனை விசாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கத்ரீனா புயலின்போது வளர்ப்புப் பிராணிகளை விட்டுப் பிரிய மனமின்றிப் பலர் வீட்டைவிட்டு நகர மறுத்ததைக் கண்ட பிறகுதான், அமெரிக்கா 2006இல் வெளியேற்றத் திட்டங்களில் அவற்றையும் சேர்க்கும்படி சட்டம் இயற்றிற்று. நாயும் பூனையும் பெற்ற அந்த இடத்தைக் குதிரை பெறவில்லை. அந்நாட்டு நிவாரண நிர்வாகம் வகுத்த வீட்டுப் பிராணி என்ற இலக்கணத்திலிருந்து அது வெளிப்படையாகவே விலக்கப்பட்டது. நாயை விட்டுப் போக மறுத்தவனைப் புரிந்துகொண்ட சட்டத்திற்கு, குதிரையை விட்டுப் போக மறுப்பவனைப் புரிந்துகொள்வது கடினமாயிராது. எனவே, குதிரைகள் மிகுந்த தாழ்நிலப் பிரதேசங்களில், உயரமான பந்தய மைதானங்களையும் சந்தைத் திடல்களையும் முன்னெச்சரிக்கை விடுக்கும் அன்றே திறந்துவிடும் ஏற்பாட்டைச் சர்க்கார் செய்ய வேண்டும். குதிரையை வாங்குமுன் லாயம் எங்கே என்று யோசிக்கிறவர், வெள்ளம் வந்தால் அது எங்கே நிற்கும் என்பதையும் யோசிக்கக் கடமைப்பட்டவர். அதற்கு விடையில்லாதவர் தாழ்நிலத்தில் குதிரை வளர்க்காதிருப்பதே தர்மம்.