கேள்வி - பதில்: தூத்துக்குடி வெயிலில் டியூலிப் பூக்குமா?

"தூத்துக்குடி கடற்கரையை ஒட்டிய ஊரில் குடியிருக்கிறோம். மாடித்தோட்டத்தில் வைக்க டியூலிப், டாஃபோடில் கிழங்குகளை ஆன்லைனில் வாங்கலாம் என்று எங்கள் மகளிர் குழுவில் 12 பேர் பேசி வைத்திருக்கிறோம். 'ஃப்ரிட்ஜில் சில வாரம் வைத்து, தை மாதம் நட்டால் பங்குனியில் எந்த ஊரிலும் பூக்கும்' என்கிறார் விற்பவர். பூத்தால் தொட்டியோடு விற்கும் எண்ணமும் இருக்கிறது. எங்கள் போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். முன்பணம் கட்டலாமா?"

- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்.

முன்பணம் கட்ட வேண்டாம். காரணத்தைத் தெரிந்துகொண்டால், அதே பணத்தில் எந்தக் கிழங்கு வாங்கலாம் என்பதும் புரிந்துவிடும்.

பூக்கும் கிழங்குகள் எல்லாமே கொஞ்ச காலம் உறங்கி, பிறகு விழிப்பவை. டியூலிப்பை எழுப்புவது குளிர். அதன் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைப்பகுதி. சுமார் 5 முதல் 9 டிகிரி குளிரில் 12 வாரங்களுக்கு மேல் கிடந்தால்தான் பூந்தண்டு நீளும். நம் நாட்டில் ஸ்ரீநகர் தால் ஏரிப் பக்கம் 2007-ல் திறக்கப்பட்ட டியூலிப் தோட்டத்தில் பங்குனி, சித்திரையில் பூக்கிறது என்றால், அதற்கு முன் அங்கே பனி கொட்டிய குளிர்காலம் இருக்கிறது.

ஃப்ரிட்ஜில் மூன்று மாதம் வைத்து அந்தக் குளிரைக் கொடுக்கலாம்தான். ஆனால், நட்ட பிறகும் குளுமையான பருவம் வேண்டும். உங்கள் ஊர் வெயிலில் தண்டு குட்டையாகி, மொட்டு இலைக்குள்ளேயே கருகிவிடும். அதே ஃப்ரிட்ஜில் ஆப்பிள், வாழைப்பழம் இருந்தால், அவை விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். தப்பித்தவறி பூத்தாலும், அதே கிழங்கு மறு ஆண்டு பூக்காது. வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்க வேண்டும். டாஃபோடிலுக்கும் இதே கதைதான். சிலர் 'டியூலிப் விதை' என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். ஏற்ற குளிர்ப்பகுதியிலேயே விதையிலிருந்து பூ வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும்.

உங்கள் மாவட்டத்தில் கிழங்குகளை எழுப்புவது மழை. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான் கிடைக்கிறது. கிழங்குப் பூக்களுக்கு அதுதான் உங்கள் ஊர் வசந்தம். அதற்கு ஏற்றவை இவை:

சம்பங்கி: இதுதான் முதல் தேர்வு. மெக்சிகோவிலிருந்து வந்த செடி என்றாலும், நம் வெயிலுக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஆனி, ஆடியில் 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளை 5 செ.மீ. ஆழத்தில், 20 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். மூன்று, மூன்றரை மாதத்தில் பூக்கும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல், சிருங்கார் ஆகிய ஒற்றை ரகங்கள் சரம் தொடுக்க ஏற்றவை. அடுக்கு ரகங்களில் 'பேர்ல் டபுள்' என்றே ஒன்று உண்டு. முத்துநகருக்குப் பொருத்தமான பெயர். ஆனால், மணம் ஒற்றை ரகத்தில்தான் கூடுதல்.

மழை லில்லி: சிறிய தொட்டி போதும். காய்ந்து கிடந்து, ஒரு நல்ல மழை பெய்தால் சில நாள்களில் பூத்துவிடும்.

விஷமூங்கில்: உப்புக்காற்று நேரடியாக அடிக்கும் வீடுகளுக்கு ஏற்றது. கடற்கரை மணலில் இயல்பாக வளரும் செடி. இரவில் மணக்கும் வெள்ளைப் பூ. பெயரே சொல்வதுபோல நஞ்சுள்ளது. ஆடு, குழந்தைகள் அண்டாத இடத்தில் வையுங்கள்.

செங்காந்தள் நம் மாநில மலர். மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். ஆனால், அதன் எல்லாப் பாகங்களிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்ச்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. உண்ணும் கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். விற்பனைத் தொட்டிகளிலும் சேர்க்காதீர்கள். யாராவது தவறுதலாகத் தின்றுவிட்டால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடுத்தது உப்புத் தண்ணீர். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ தண்ணீரைக் கொடுத்து இ.சி. அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். 1-க்குக் கீழ் என்றால் கவலையில்லை. 2-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பித் தொட்டிச் செடி வளர்க்க முடியாது. மழைநீரைத் தேக்கி, இரண்டையும் கலந்து ஊற்றுங்கள். இலை நுனி கருகினால் தொட்டியில் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை அடித்துளை வழியாக வழியும்வரை நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். கடற்கரை மணலைத் தொட்டியில் போடாதீர்கள். தேங்காய் நார்க்கழிவையும் நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று முறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும்.

செம்மண் 2 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு, மட்கிய தொழுவுரம் 1 பங்கு என்று கலந்து, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு சேர்த்தால் நூற்புழுத் தொல்லை குறையும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். மழைக்காலத்துக்கு முன்பே தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி, அடித்துளை அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் குழுவின் கணக்கு. 12 பேரும் ஆளுக்கு 10 சம்பங்கிக் கிழங்குகளோடு தொடங்குங்கள். முதல் ஆண்டு பூவை வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிழங்கின் அடியிலும் பக்கக் கிழங்குகள் பெருகும். இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, தோண்டி, நிழலில் உலர்த்தி, ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள். பெரியவற்றை மறுபடி நடலாம். மிச்சத்தைத் தொட்டியில் வளர்த்து, மொட்டு விட்டதும் விற்கலாம். வாங்குகிறவர் வீட்டிலும் மறு ஆண்டு பூக்கும். உங்களிடம் மீண்டும் வருவார்.