அமைதிக்குச் சமயமுண்டோ?

கராத்தே பயிலும் கிறித்தவ இளைஞனைப் பார்த்து, "கண்மூடி அமராதே, அஃது ஆண்டவர்க்குச் செய்யும் இரண்டகம்!" என அச்சுறுத்துவோர் பல நாடுகளிலும் உளர். அவர்களைக் கேட்கின்றோம்: அங்கு நடப்பது யாதென்று அறிவீரோ?

பயிற்சிக்கு முன்னும் பின்னும் மண்டியிட்டு, மூச்சைச் சீராக்கிச் சிறிது பொழுது வாளாவிருத்தல், அவ்வளவே! இதனைச் சப்பானியர் 'மொகுசோ' என்பர். பேசாது உள்ளத்தால் எண்ணுதல் என்பது அதன் பொருள். அந்நாட்டுக் கத்தோலிக்கர் தனித்திருந்து இறைவனை நினையும் ஊழ்க நாள்களுக்கு வழங்கும் சொல்லும் அதுவே! பின் எதற்கு இம் மருட்சி?

செருமானிய அருட்டந்தை இலசால் 1929-இல் சப்பான் சென்றார். 1945-இல் இரோசிமா அணுகுண்டால் புண்பட்டார். சென் என்னும் புத்தநெறி ஊழ்கத்தைப் பல்லாண்டு பயின்றும், 1990-இல் மறையும்வரை இயேசு அவையின் துறவியாகவே வாழ்ந்தார். அவர்தம் நம்பிக்கை கரைந்தொழிந்ததோ?

1989-இல் உரோமைத் தலைமை விடுத்த மடலும் பிற சமய ஊழ்க முறைகளை முற்றாகத் தள்ளவில்லை. உடல் பெறும் இன்னமைதியையே தூய ஆவியின் அருளென மயங்கலாகாது என்றே எச்சரித்தது. அவ்வெச்சரிக்கை முறையானதே! பிறிதொரு தெய்வத்தை வணங்குமாறு ஆசான் வற்புறுத்தின், இளைஞன் மறுத்தெழுக! அவ்வாறில்லாதபோது, அவ்வமைதியில் அவன் தன் ஆண்டவரை நினைப்பதைத் தடுக்க நீவிர் யார்? கலையையோ கடவுளையோ ஒன்றைக் கைவிடு என்று இளநெஞ்சை இரண்டாகப் பிளப்பதுதான் அறமோ?

கண்மூடிய நொடியில் கரைந்துபோகும் நம்பிக்கை, கண் திறந்திருந்தபோதும் இருந்ததன்று!